கல்யாண ஷூட்டுக்கு மெமரி கார்டு: 256 ஒண்ணு போதுமா, 64ல நாலு வாங்கணுமா?

வைகை கேண்டிட்:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் பக்கத்து ஊர்ல ஒரு கல்யாணத்துக்கு முதல் தடவையா தனியா கேண்டிட் (போஸ் கொடுக்காம இயல்பா இருக்கறப்ப எடுக்கற படம்) எடுக்க ஒத்துக்கிட்டிருக்கேன், இதுவரைக்கும் ஒரு அண்ணன் கூட ரெண்டாவது கேமராவா தான் போயிருக்கேன், கார்டு எல்லாம் அவரே கொடுப்பார், ஷூட் முடிஞ்சதும் அவரே வாங்கிப்பார், அதனால கார்டு பத்தி யோசிக்கிற வேலையே எனக்கு வந்ததில்ல. இப்ப எல்லாம் என் பொறுப்பு.

கேமரா சோனி ஏ6400, கார்டு போட ஒரே ஸ்லாட் தான். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலைல நாலரை ஆறு முகூர்த்தம். ரா (கேமரா சுருக்காம தர்ற மூல ஃபைல்) பிளஸ் ஜேபெக் தான் எடுப்பேன், மாலை மாத்தறது தாலி கட்டு ரெண்டுக்கும் கொஞ்சம் 4கே வீடியோவும் கேக்கறாங்க. கடைல ஒருத்தர் 256 ஜிபி ஒண்ணு போட்டுட்டு நிம்மதியா இருங்கறார், இன்னொருத்தர் 64ல நாலு வாங்குங்கறார். கார்டு மேல வேற யூ3, வி30, ஏ2, 200 எம்பின்னு என்னென்னவோ போட்டிருக்கு, ஆன்லைன்ல அதே பேர் போட்ட கார்டு பாதி விலைக்கு இருக்கு. எதைப் பாக்கணும் எதை விடணும்னு தெரிஞ்சவங்க சொன்னா பெரிய உதவியா இருக்கும்.

ஷட்டர் சத்தம்:
முதல்ல அந்த 200ஐ விட்டுடுங்க ப்ரோ. அது படிக்கிற வேகம், கார்டுல இருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கும்போது வர்றது, அதுவும் அந்த வேகத்துக்குன்னே வர்ற கார்டு ரீடர் இருந்தா தான் வரும். உங்க கேமரா ஸ்லாட் யூஎச்எஸ்-1ங்கற பழைய வேக வகை, அதோட உச்சமே நொடிக்கு 104 எம்பி, நீங்க எவ்வளவு காசு கொட்டினாலும் கேமராக்குள்ள அதைத் தாண்டாது. பின்னாடி ரெண்டு வரிசை பின் இருக்கிற யூஎச்எஸ்-2 கார்டு போட்டாலும் வேலை செய்யும், ஆனா பழைய வேகத்துல தான் ஓடும், அந்த காசுக்கு இன்னொரு சாதா கார்டே வாங்கிடலாம்.

நீங்க பாக்க வேண்டியது வி30 ஒண்ணு தான். நிக்காம எழுதிக்கிட்டே இருந்தாலும் நொடிக்கு 30 எம்பிக்கு கீழ இறங்காதுங்கறது அதோட அர்த்தம். யூ எழுத்துக்குள்ள 3 போட்டிருந்தாலும் அதே 30 தான். சி எழுத்துக்குள்ள 10, யூக்குள்ள 1, வி10 இந்த மூணும் ஒரே விஷயம், நொடிக்கு 10 எம்பி. ஏ1, ஏ2 எல்லாம் ஃபோன்ல ஆப் ஓட்டறதுக்கு, கேமராவுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல.

வீடியோல தான் நிறைய பேர் குழம்பிக்கறாங்க, ஏன்னா கேமரா மெனுல 100 எம்னு இருக்கும், அதைப் பாத்துட்டு 30 எப்படி பத்தும்னு பயந்துடறாங்க. மெனுல இருக்கிறது மெகாபிட், கார்டுல இருக்கிறது மெகாபைட், எட்டால வகுத்தா 12.5 தான் வரும், வி30 தாராளமா தாங்கும். சோனியும் அந்த 100 மோடுக்கு யூ3 கார்டு போடச் சொல்லுது, அதனால யூ3, வி30 ரெண்டும் போட்டிருக்கறதா பாத்து எடுத்துடுங்க.

இன்னொண்ணு, உங்க கேமரா நொடிக்கு 11 ஷாட் அடிக்கும், ரால நாப்பது சொச்சம் போனதும் பஃபர் (கார்டுக்குப் போறதுக்கு முன்னாடி படம் தங்கற கேமரா மெமரி) நிறைஞ்சு திக்க ஆரம்பிக்கும், அப்ப தான் கார்டு எழுதற வேகம் என்னன்னு உண்மையா தெரியும். கெட்டி மேளம் சொன்னதுல இருந்து அட்சதை விழற வரைக்கும் விரலை எடுக்காம அமுக்கிட்டே இருந்தா மூணாவது முடிச்சு போடும்போது கேமரா நின்னுடும், அதனால சின்ன சின்ன பர்ஸ்ட்டா விட்டு விட்டு அடிங்க. மைக்ரோ எஸ்டிய அடாப்டர்ல செருகி கல்யாணத்துக்கு கொண்டு போகாதீங்க, நடுவுல ஒரு காண்டாக்ட் கூடுதலா வருது, அது லூஸ் ஆனா கார்டு எரர் தான்.

ஸ்டூடியோக்காரன்:
தம்பி, 256 ஒண்ணுல ரெண்டு நாள் ஃபங்ஷனையும் போட்டு வைக்காத. இருபது வருஷத்துக்கு மேல இந்த தொழில்ல இருக்கேன், ஃபிலிம் ரோல்ல 36 தான், ஒரு ரோல் போனா 36 தான் போகும். இப்ப ஒரு கார்டு போனா ஒரு குடும்பத்தோட கல்யாணமே போயிடுது, மறுபடி நடத்தச் சொல்லி எடுக்க முடியுமா.

கணக்கு சொல்றேன். ரா ஒண்ணு 24, 25 எம்பி, ஜேபெக் ஒரு பத்து, சேத்து 35ன்னு வச்சுக்க, 64 ஜிபில ஆயிரத்து எண்ணூறு ஷாட் கிட்ட வரும், ரிசப்ஷனுக்கு அது போதும். 4கே 100 மோடுல நிமிஷத்துக்கு 750 எம்பி ஓடும், ஒரு மணி நேரம்னா 45 ஜிபி, அதனால வீடியோவும் எடுக்கற காலைக்கு மட்டும் 128 வச்சுக்க. 64ல ரெண்டு, 128ல ஒண்ணு, அவசரத்துக்கு இன்னொரு 64, இது தான் என் கணக்கு.

இப்ப முக்கியமா எப்ப மாத்தறதுங்கறது. கார்டு நிறைஞ்சா மாத்தறதுன்னு வச்சுக்காத, அது நிறையறது எப்பவும் ஆகாத நேரத்துல தான். சடங்கைப் பாத்து மாத்து. ரிசப்ஷன் முடிஞ்சா பாதி காலியா இருந்தாலும் கழட்டிடு, மண்டபத்து ரூம்லயே லேப்டாப்ல ஒரு காப்பி, ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி, அதுக்கப்புறம் தூங்கு. காலைல புது கார்டு போட்டு ஆரம்பி. பொண்ணு கூறைப்புடவை மாத்த உள்ள போகும்ல, அந்த இடைவெளில ஐயர் கூட கொஞ்சம் மூச்சு விடுவார், அப்ப கார்டையும் பேட்டரியையும் சேத்து மாத்து. தாலி கட்டு புது கார்டுல, முழு பேட்டரில வரணும். உன் கேமரால கார்டு அடியில பேட்டரி மூடிக்குள்ள தான் இருக்கு, ட்ரைபாட் பிளேட் மாட்டியிருந்தா அந்த மூடி திறக்குதான்னு வீட்டுலயே பாத்துக்க, மணவறை மேடைல நின்னுக்கிட்டு ஸ்க்ரூ கழட்ட நேரம் இருக்காது.

எடுத்து முடிச்ச கார்டோட பக்கவாட்டு லாக்கை கீழ தள்ளிட்டு பவுச்சுல கவுத்து வை, காலி கார்டு நிமிந்து இருக்கட்டும். எது முடிஞ்சது எது புதுசுன்னு இருட்டுல கூட குழம்பாது. கார்டு மேல மார்க்கர்ல 1, 2, 3ன்னு எழுது, ஸ்டிக்கர் ஒட்டாத, ஓரம் உரிஞ்சா ஸ்லாட்டுக்குள்ள மாட்டிக்கும். சட்டை பையில போடாத, குனிஞ்சா விழும்.

ரெண்டு ஸ்லாட் கட்சி:
ஸ்டூடியோ அண்ணன் சொன்னதுல சடங்கைப் பாத்து மாத்தறது ரொம்ப சரி, ஆனா கார்டை சின்னதா பிரிச்சா பாதுகாப்புங்கறது எனக்கு முழுசா ஒப்பலண்ணா. நான் பாத்த வரைக்கும் கார்டு தானா சாகறதை விட கையாள்றதுல சாகறது தான் அதிகம். பின்னாடி காண்டாக்ட்டுக்கு நடுவுல சின்ன சின்ன பிளாஸ்டிக் தடுப்பு இருக்கே அது உடையும், லாக் பட்டன் தெறிச்சு விழுந்து கார்டு லாக் ஆனதாவே காட்டிக்கிட்டு இருக்கும், இல்ல கூட்டத்துல கீழ விழுந்து காணாமப் போகும். ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டறதும் அதுக்கு ஒரு வாய்ப்பு. அதனால 128ல மூணு போதும், ரிசப்ஷனுக்கு ஒண்ணு, காலைக்கு ஒண்ணு, அவசரத்துக்கு ஒண்ணு.

ஆனா உண்மையான தீர்வு அது இல்ல. ஒரே ஸ்லாட்ல நீங்க எத்தனை கார்டா பிரிச்சாலும் எடுத்த நிமிஷத்துல இருந்து காப்பி பண்ற வரைக்கும் ஒரு படம் ஒரே ஒரு இடத்துல தான் இருக்கு. முகூர்த்தத்துக்கு மட்டுமாவது ரெண்டு ஸ்லாட் கேமரா வாடகைக்கு எடுங்க, சோனி ஏ7-3 இப்ப மாவட்டத் தலைநகர் பக்கம் எல்லா இடத்துலயும் வாடகைக்கு கிடைக்குது. மெனுல போய் ரெண்டு ஸ்லாட்லயும் ஒரே நேரத்துல எழுதற மாதிரி நீங்க தான் மாத்தணும், தானா வராது. அதுல முதல் ஸ்லாட் யூஎச்எஸ்-2, ரெண்டாவது யூஎச்எஸ்-1, ரெண்டுலயும் எழுதும்போது மெதுவான ஸ்லாட் வேகம் தான் மொத்த வேகம், அதனால இங்கயும் விலை ஜாஸ்தி கார்டு தேவையில்ல.

லென்ஸ் விஷயம் மறந்துடாதீங்க. உங்க ஏ6400 லென்ஸ் அதுல மாட்டும், ஆனா ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு (க்ராப் ஆகி) 10 மெகாபிக்சல் தான் வரும், அந்த கேமராவோட பெரிய சென்சாருக்கான ஃபுல் ஃபிரேம் லென்ஸும் சேத்து வாடகைக்கு எடுங்க.

ஸ்டூடியோக்காரன்:
ரெண்டு ஸ்லாட் எடுக்கச் சொல்றது நியாயமான பேச்சு, அதுக்கு நான் எதிர்ப்பு இல்ல. ஆனா வாடகை கேமராவை முகூர்த்தத்தன்னிக்கு கைல வாங்காத தம்பி, ரெண்டு நாள் முன்னாடியே வாங்கி மெனு பழகிக்க, ரெண்டு கார்டுலயும் நிஜமாவே படம் விழுதான்னு தனித்தனியா ரீடர்ல போட்டுப் பாத்துக்க. வாடகைக்காரங்க கேமரா கூட கொடுக்கற கார்டை நம்பி இறங்காத, அது எத்தனை கை மாறி வந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது.

கார்டு டெஸ்டர்:
பாதி விலை கார்டு பத்தி யாரும் சொல்லலையே, அது தான் இந்த திரெட்லயே பெரிய ஆபத்து. போலி கார்டுல என்ன பண்றாங்கன்னா உள்ள 8 ஜிபியோ 16 ஜிபியோ சிப்பு தான் இருக்கும், கன்ட்ரோலரை மாத்தி எழுதி 128ன்னு சொல்ல வச்சிருப்பாங்க. கேமரா நம்பிடும், கம்ப்யூட்டரும் நம்பிடும். முதல் 8 ஜிபி வரைக்கும் எல்லாம் ஒழுங்கா விழும், அதுக்கப்புறம் எழுதறது எங்கயும் போகாது, இல்லாட்டி பழசு மேலயே விழும். கொடுமை என்னன்னா ஃபைல் பேரு, சைஸ் எல்லாம் லிஸ்ட்ல சரியா இருக்கும், வீட்டுக்கு வந்து திறந்தா தான் சாம்பல் கட்டம். வீட்டுல பத்து படம் எடுத்து டெஸ்ட் பண்ணினா இது மாட்டவே மாட்டாது.

அதனால புது கார்டு எங்க வாங்கினாலும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடையோ ஆன்லைனோ பெரிய ஷோரூமோ, பில் வாங்குங்க, வீட்டுக்கு வந்ததும் முழுசா நிரப்பி டெஸ்ட் பண்ணுங்க. விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர், மேக், லினக்ஸ்ல எஃப்3, ரெண்டும் இலவசம். கார்டு முழுக்க டேட்டா எழுதி திரும்பப் படிச்சு ஒவ்வொரு பைட்டா ஒத்துப் பாக்கும். நல்ல ரீடர்ல 128க்கு எழுத அரை மணி நேரம், படிக்கறது தனி. டெஸ்ட் நடக்கும்போதே எழுதற வேகமும் தெரிஞ்சுடும், வி30ன்னு போட்டுட்டு கடைசி வரைக்கும் 12, 15லயே ஓடினா திருப்பிக் கொடுத்துடுங்க. அட்டைய பாத்து, எழுத்து மங்கலா இருக்கு, ஹோலோகிராம் இல்லன்னு போலி கண்டுபிடிக்கறதை எல்லாம் நான் நம்பறதில்ல, இப்ப அட்டைய அச்சு அசலா அடிக்கறாங்க.

வைகை கேண்டிட்:
இவ்வளவு விவரமா சொல்வீங்கன்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. வி30ல 128 மூணு எடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன், ஏ7-3 வாடகைக்கும் பேசிட்டேன், ரெண்டு நாள் முன்னாடியே தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுல ரெண்டு ஸ்லாட்டுக்கும் ரெண்டு கார்டு வேணும், அவசர கார்டையும் சேத்து போட வேண்டி வருமே, அப்ப நாலா எடுத்துக்கறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். கார்டை ஃபார்மட் பண்றது கேமராலயா கம்ப்யூட்டர்லயா? அப்புறம் மண்டபத்துலயே திடீர்னு கார்டு எரர்னு வந்துட்டா அந்த நிமிஷம் என்ன பண்றது?

ஷட்டர் சத்தம்:
ஃபார்மட் எப்பவும் எந்த கேமரால போடப் போறீங்களோ அந்த கேமராலயே பண்ணுங்க. அது தனக்கு வேண்டிய ஃபோல்டர், டேட்டாபேஸ் எல்லாம் தானே போட்டுக்கும். கம்ப்யூட்டர்ல போய் ஃபோல்டரை டெலீட் பண்ணிட்டு மாட்டினா சோனி இமேஜ் டேட்டாபேஸை சரி பண்ணவான்னு கேக்க ஆரம்பிக்கும். கார்டுல ஃபைல் அடுக்கற முறை 64ல இருந்து மேல எல்லாம் எக்ஸ்ஃபேட், 32க்கு ஃபேட்32, இந்த ஃபேட்32ல ஒரு ஃபைல் 4 ஜிபிய தாண்ட முடியாது, நீள வீடியோ துண்டு துண்டா வரும், அதனால வீட்டுல பழைய 32 கிடந்தாலும் வீடியோவுக்கு அதை எடுக்காதீங்க.

எப்ப ஃபார்மட் பண்ணலாம்னா, ரெண்டு தனித்தனி டிஸ்க்ல காப்பி போயி, ரெண்டையும் திறந்து நடுவுல அங்கங்க படத்தை பெருசு பண்ணிப் பாத்ததுக்கு அப்புறம். லேப்டாப்ல ஒரே டிஸ்க்ல ரெண்டு ஃபோல்டர்ல போட்டா அது ரெண்டு காப்பி இல்ல. இறக்கறதுக்கு கேமரா கேபிள் போடாதீங்க, ஏ6400ல இருக்கறது யூஎஸ்பி 2.0, 128 கார்டு நிறைஞ்சிருந்தா ரொம்ப நேரம் ஓடும், ரீடர் தான் சரி.

மீட்பு வேலை:
எரர் வந்தா அந்த நிமிஷம் பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு, கேமராவை ஆஃப் பண்ணி கார்டை கழட்டி தனியா வச்சுட்டு வேற கார்டு போட்டு வேலைய பாருங்க. ஃபார்மட் பண்ணவான்னு கேமரா கேக்கும், லேப்டாப்ல போட்டா விண்டோஸும் அதையே கேக்கும், ரெண்டுக்கும் வேணாம்னு சொல்லுங்க. அதுல ஒரு படம் கூட மேற்கொண்டு எடுக்காதீங்க. இது தான் எல்லாம்.

ஏன்னா பெரும்பாலும் பாழாகறது படம் இல்ல, படம் எங்க இருக்குன்னு எழுதி வச்ச பட்டியல் தான். புஸ்தகத்துல பொருளடக்கம் கிழிஞ்ச மாதிரி, உள்ள பக்கம் எல்லாம் அப்படியே இருக்கும். தெரியாம டெலீட் பண்ணினாலும் சாதாரண ஃபார்மட் பண்ணினாலும் அதே கதை தான், புதுசா ஏதாவது மேல எழுதற வரைக்கும் பழசு உள்ள கிடக்கும். ஃபோட்டோரெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அது பட்டியலைப் பாக்காம கார்டு முழுக்க தேடி இது ஜேபெக் தலைப்பு, இது ரா தலைப்புன்னு கண்டுபிடிச்சு எடுத்துடும். ஃபைல் பேர் எல்லாம் போயிடும், நம்பர் தான் வரும், பரவாயில்ல. மீட்கறதை அதே கார்டுல சேவ் பண்ணாதீங்க, வேற டிஸ்க்ல சேவ் பண்ணுங்க. வீடியோ பெரிய ஃபைல், துண்டு துண்டா சிதறி இருந்தா முழுசா வர்றது கஷ்டம்.

கார்டையே ரீடர் கண்டுபிடிக்கலேன்னா, சூடாகுதுன்னா, சாஃப்ட்வேரால ஒண்ணும் ஆகாது. சும்மா சும்மா செருகிப் பாக்காம டேட்டா ரெக்கவரி லேப்ல கொடுங்க, சிப்புல இருந்தே நேரா படிக்கிற வசதி உள்ளவங்க இருக்காங்க, செலவு ஆகும். எழுதற விளக்கு எரியும்போது கார்டையோ பேட்டரியையோ உருவாதீங்க, என்கிட்ட வர்ற கேஸ்ல நிறைய அதுல ஆரம்பிச்சது தான்.

மலைக்கோட்டை அக்கா:
நான் ஃபோட்டோகிராஃபர் இல்லீங்க, ஆனா படிச்சுக்கிட்டே வந்தேன், ஒரு கேள்வி கேக்கலாமா. எங்க வீட்டுல பொண்ணு சின்னதா இருந்தப்ப எடுத்த படம் எல்லாம் பழைய சின்ன கேமரா கார்டுலயே பீரோல இருக்கு, 2 ஜிபி எஸ்டி கார்டு சிலது, ஒலிம்பஸ் கேமராவோடது ஒண்ணு வேற மாதிரி சின்னதா எக்ஸ்டின்னு போட்டிருக்கு. கேமரா ரெண்டும் இப்ப ஆன் ஆகல. கார்டு பத்திரமா தானே இருக்கும்னு அப்படியே விட்டுட்டோம், அது சரியா?

மீட்பு வேலை:
அக்கா, அதை இந்த வாரமே வெளிய எடுங்க. கார்டுக்குள்ள படம் மின்சாரமா தான் நிக்குது, ரொம்ப ரொம்ப சின்ன அறைகள்ல சிறை பிடிச்சு வச்ச எலக்ட்ரான். வருஷக்கணக்கா சும்மா கிடந்தா அது கொஞ்சம் கொஞ்சமா கசியும், நம்ம ஊர் வெயில்ல, மொட்டை மாடிக்கு கீழ இருக்கிற ரூம்ல, பரண்ல எல்லாம் வச்சா இன்னும் வேகமா கசியும். பழைய 2 ஜிபி கார்டு இப்ப வர்றதை விட தாக்குப்பிடிக்கும், பெரும்பாலும் நல்லா தான் இருக்கும், ஆனாலும் கார்டு காலத்துக்கும் வச்சுக்கற இடம் இல்ல. கேமரா ஆன் ஆகலேன்னா கவலை வேணாம், எஸ்டிய எந்த ரீடர்ல போட்டாலும் படிக்கும், புது ரீடர் பழைய கார்டை எடுத்துக்கும். செருகறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிற லாக்கை தள்ளிடுங்க, தவறி எதுவும் அழியாது.

அந்த எக்ஸ்டி தான் அவசரம். ஒலிம்பஸும் ஃபுஜிஃபில்மும் சேந்து 2002ல கொண்டு வந்தது, வேற கேமரா கம்பெனிங்க அதை பெருசா எடுத்துக்கல, அவங்களே பின்னாடி எஸ்டிக்கு மாறிட்டாங்க. இப்ப கடைல கிடைக்கிற ரீடர் பெரும்பாலானதுல அந்த ஓட்டையே இருக்காது. பழைய ஆல் இன் ஒன் ரீடர், நிறைய ஓட்டை உள்ளது, ஏதாவது பழைய ஸ்டூடியோல, கலர் லேப்ல தூசி படிஞ்சு கிடக்கும், போய்க் கேளுங்க. பழைய டெஸ்க்டாப் முன்னாடி பக்கத்துலயும் சிலதுல இருக்கும். எடுத்த உடனே கம்ப்யூட்டர்ல ஒண்ணு, வெளி ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, முடிஞ்சா வெளியூர்ல இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுலயோ ஆன்லைன்லயோ ஒண்ணு.

ஸ்டூடியோக்காரன்:
அம்மா, மலைக்கோட்டைன்னா திருச்சி தானே, அங்க மெயின்கார்டு கேட்டுங்கற இடத்துப் பக்கம் பழைய ஸ்டூடியோக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க, எங்க கடைலயே அப்படி ஒரு ரீடர் இன்னும் டிராயர்ல இருக்கு, யாராவது எக்ஸ்டி கொண்டு வந்தா எடுத்துக் கொடுப்போம். கார்டை விட்டுட்டு வராதீங்க, பக்கத்துலயே உக்காந்து காப்பி பண்ணி வாங்கிக்கங்க, 2 ஜிபிக்கு பத்து நிமிஷம் கூட ஆகாது. பென் டிரைவ் ஒண்ணு கையோட எடுத்துட்டுப் போங்க.